நொடிக்கு 24 படம்: சினிமாவின் வேகத்தை யார் முடிவு செய்தது?

தியேட்டரில் இரண்டு மணி நேரம் ஓடும் படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வருபவர், கணக்குப்படி 1,72,800 போட்டோக்களைப் பார்த்திருக்கிறார். நொடிக்கு 24, நிமிடத்துக்கு 1,440. அவற்றில் ஒன்றுகூட அசையாது. கதாநாயகன் ஓடுவது, ரயில் வருவது, மழை பெய்வது எல்லாம் அந்த அசையாப் போட்டோக்களை அடுத்தடுத்துக் காட்டுவதால் நமக்குத் தோன்றுகிறவைதான். ஒவ்வொரு போட்டோவுக்கும் ஃபிரேம் என்று பெயர்.

இதுவரை பலருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் ஏன் 24? ஏன் 20 இல்லை, 30 இல்லை? யாரையாவது கேட்டால் ‘மனிதக் கண்ணுக்கு அவ்வளவுதான் தெரியும்’ என்று பதில் வரும். அது சரியில்லை. நொடிக்கு 16 ஃபிரேம் காட்டினாலே கண் அதை அசைவாக ஏற்றுக்கொள்ளும். 60 காட்டினால், 24க்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை அதே கண் சட்டென்று பிடித்துவிடும். 24 என்ற எண் கண்ணைப் பரிசோதித்து வைத்ததல்ல. சினிமா பிறந்து முப்பது வருஷம் கழித்துக் காதுக்காக வந்து ஒட்டிக்கொண்டது.

குதிரையில் தொடங்கிய கணக்கு

1878 ஜூன் மாதம் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற போட்டோகிராஃபர் ஒரு குதிரைப் பாதையோரம் 12 கேமராக்களை வரிசையாக நிறுத்தினார். பாதையின் குறுக்கே மெல்லிய நூல்கள். குதிரை ஓடிவந்து ஒவ்வொரு நூலாக அறுக்க அறுக்க, ஒவ்வொரு கேமராவும் தானாகப் படம் பிடித்தது. ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புமா என்பதுதான் கேள்வி. குதிரைகளின் சொந்தக்காரரும் பெரும் பணக்காரருமான லீலண்ட் ஸ்டான்ஃபோர்டுக்கு அதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. எழும்பும் என்று படங்கள் காட்டின. அதுவும் ஓவியர்கள் காலங்காலமாக வரைந்தது போல முன்னங்கால் முன்னேயும் பின்னங்கால் பின்னேயும் நீண்டிருக்கும்போது அல்ல. நான்கு கால்களும் வயிற்றுக்குக் கீழே மடங்கிச் சேரும் கணத்தில்தான் குதிரை அந்தரத்தில் இருக்கிறது.

ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 1/25 நொடி என்று அந்தப் படங்களோடேயே அச்சிட்டிருந்தார்கள். இன்றைய வேகத்துக்கு வெகு அருகில் இருக்கிறது, இல்லையா? தற்செயல்தான். அதில் பெரிதாக எதுவும் தேட வேண்டாம். அரை நொடி ஓட்டத்துக்கு 12 கேமரா என்றால் யாருக்குக் கட்டுப்படியாகும்? ஒரே கேமராவுக்குள் நிறையப் படங்களை வேகமாக நகர்த்த வேண்டும். கண்ணாடித் தட்டை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. 1889இல் ஈஸ்ட்மன் நிறுவனம் செல்லுலாய்டில் வளையும் பிலிம் சுருளை விற்கத் தொடங்கியதும் வழி பிறந்தது.

எடிசனின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த டிக்சன் அந்த பிலிமை 35 மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டி, இரு ஓரங்களிலும் ஃபிரேமுக்கு நான்கு துளை போட்டார். நூறு வருஷத்துக்கும் மேலாகத் தியேட்டர்களில் ஓடியது இந்த அளவுதான். இதைக் காட்ட எடிசன் கூடம் செய்த கினெட்டோஸ்கோப் என்ற பெட்டியில் ஒருவர் குனிந்து எட்டிப்பார்க்க வேண்டும். 1894 ஏப்ரலில் நியூயார்க்கில் இந்தப் பெட்டிகளுக்கென்றே ஒரு கடை திறந்தார்கள். அதில் பிலிம் நொடிக்குச் சுமார் 40 ஃபிரேம் வேகத்தில் ஓடியது. அசைவு வழுவழுவென்று இருந்தது. ஆனால் பிலிமைத் தின்று தீர்த்தது.

பிரான்சில் லூமியேர் சகோதரர்கள் சிக்கனமாக யோசித்தார்கள். அவர்களது சினிமட்டோகிராஃப் கையால் சுற்றும் பெட்டி. படம் பிடிப்பது, பிரதி எடுப்பது, திரையில் காட்டுவது என்று மூன்று வேலையையும் அதுவே செய்தது. தையல் மிஷின் துணியை நகர்த்தும் விதத்தைப் பார்த்துத்தான் இதன் இயக்கம் யோசிக்கப்பட்டது என்று சொல்வார்கள். இரண்டு சிறு நகங்கள் பிலிம் துளைக்குள் நுழைந்து ஒரு ஃபிரேமைக் கீழே இழுக்கும், வெளியே வரும், மேலே போகும், மறுபடி நுழையும். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் எட்டு ஃபிரேம் நகரும். நொடிக்கு இரண்டு சுற்று என்பது மனிதக் கைக்குச் சௌகரியமான வேகம். ஆக, 16. 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸின் கிராண்ட் கஃபேயில் ஒரு ஃபிராங்க் டிக்கெட்டில் அவர்கள் பத்துக் குறும்படங்களைக் காட்டியதைத்தான் சினிமாவின் பிறந்தநாள் என்கிறோம். ஒவ்வொரு படமும் ஒரு நிமிடம்கூட இல்லை. ஏழு மாதம் கழிவதற்குள், 1896 ஜூலை 7 அன்று, லூமியேர் படங்கள் பம்பாய் வாட்சன் ஹோட்டலில் ஓடின.

மினுக்கலும் அசைவும்

கண்ணைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிடலாம். இங்கே இரண்டு விஷயங்களைப் பலரும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது மினுக்கல். பிலிம் நகரும்போது வெளிச்சம் பட்டால் படம் கோடு கோடாக இழுபடும். அதனால் புரொஜெக்டரில் லென்ஸ் பக்கம் ஒரு சுழலும் தகடு உண்டு. அதுதான் ஷட்டர். ஃபிரேம் இடம் மாறும்போது அது வெளிச்சத்தை மறைக்கும், ஃபிரேம் நின்றதும் திறக்கும். அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் நடுவில் திரை இருண்டுவிடுகிறது. நொடிக்கு 16 முறை இருண்டால் கண் கூசும், தலை வலிக்கும். ஆரம்பகாலச் சினிமா மினுக்கியது இதனால்தான். தீர்வு எளிமையானது. ஷட்டரில் ஒரு இறக்கைக்குப் பதில் மூன்று இறக்கை வைத்தார்கள். ஒரே ஃபிரேம் நிற்கும்போதே வெளிச்சம் மூன்று முறை வந்து போகும். 16 மூன்றால் 48. நொடிக்கு 48 முறை என்றால், சினிமா வெளிச்சத்தின் அளவில், மினுக்கல் ஏறக்குறைய தெரியாது. பின்னால் 24 ஃபிரேம் வந்தபோது இரண்டு இறக்கை போதுமானதாயிற்று, மறுபடி அதே 48. ஃபிரேம் எண்ணிக்கையைக் கூட்டாமலே மினுக்கலை ஒழித்தாயிற்று என்பதைக் கவனியுங்கள். ‘கண்ணுக்கு 24 வேண்டும்’ என்ற வாதம் இங்கேயே அடிபட்டுப் போகிறது.

இரண்டாவது அசைவு. விழித்திரையில் ஒரு பிம்பம் சற்று நேரம் தங்கும், அடுத்தது அதன்மேல் வந்து சேரும், அதனால்தான் அசைவு தெரிகிறது என்று பழைய பாடப்புத்தகங்கள் சொல்லும். யோசித்துப் பாருங்கள், ஒன்றன்மேல் ஒன்று தங்கினால் நமக்குத் தெரிய வேண்டியது கலங்கிய குழப்பம்தானே? இரு இடங்களில் மாறி மாறித் தெரியும் கோட்டை மனம் ‘இது நகர்ந்தது’ என்று தானே இணைத்துக்கொள்கிறது என்பதை 1912இல் மாக்ஸ் வெர்த்தைமர் என்ற உளவியலாளர் சோதனைகளில் காட்டினார். அசைவு உண்டாகும் இடம் மூளை.

அந்த ஊகம் தப்பாகப் போகும் இடத்தையும் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். படத்தில் குதிரை வண்டி வேகமாக முன்னே போகும், சக்கரம் மட்டும் பின்பக்கமாகச் சுற்றும். ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவில் சக்கரம், ஓர் ஆரக்காலுக்கும் அடுத்த ஆரக்காலுக்கும் உள்ள இடைவெளியைவிடச் சற்றே குறைவாகச் சுற்றியிருக்கும். ஆரக்கால்கள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால், பழைய இடத்துக்கு மிக அருகில் நிற்கும் ஆரக்காலையே மூளை அதன் ஜோடியாக எடுத்துக்கொள்கிறது. அது கொஞ்சம் பின்னால் நிற்கிறது. எனவே ‘பின்னால் போகிறது’ என்று தீர்ப்பு. கேமரா பொய் சொல்லவில்லை, நடுவில் என்ன நடந்தது என்று அது சொல்லவே இல்லை.

கைப்பிடி யார் கையில்?

ஊமைப்பட காலம் முழுக்க வேகத்துக்குச் சட்டம் கிடையாது. கேமராமேன் ஒரு வேகத்தில் சுற்றினார், தியேட்டர் ஆப்பரேட்டர் இன்னொரு வேகத்தில் ஓட்டினார். சண்டைக் காட்சி வந்தால் வேகம் ஏறும், காதல் காட்சியில் இறங்கும். சனிக்கிழமை கூட்டம் வெளியே காத்திருந்தால் மொத்தப் படமுமே பறக்கும். ஒரு காட்சி கூடுதலாக ஓட்டினால் முதலாளிக்கு லாபம். 1920களில் அமெரிக்கப் பெரிய தியேட்டர்களில் மோட்டார் வந்துவிட்டது, வேகமும் மெல்ல மெல்ல 16இலிருந்து ஏறி 20ஐத் தாண்டிவிட்டது.

பழைய ஊமைப்படங்களில் ஆட்கள் துடுக் துடுக்கென்று நடப்பது ஏன் என்ற கேள்விக்குப் பாதி விடை இதில் இருக்கிறது. 16 அல்லது 18இல் எடுத்ததைப் பிற்காலத்தில் 24இல் ஓட்டினார்கள். மீதிப் பாதி, நகைச்சுவைக்காகக் கேமராமேன் வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றியது. மெதுவாகச் சுற்றி எடுத்தால் ஓட்டும்போது வேகமாகத் தெரியும். அந்தக் காலத்து மனிதர்களை நாம் பொம்மைகள் போலப் பார்த்துப் பழகிவிட்டோம். சரியான வேகத்தில் ஓட்டிப் பார்த்தால் நம்மைப் போலத்தான் நடக்கிறார்கள்.

தமிழ்நாட்டிலும் இந்தக் கைப்பிடிக் காலம் உண்டு. திருச்சியில் ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படங்களையும் வாங்கி, வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டுக் காட்டத் தொடங்கினார். பிறகு கோவையில் அவர் கட்டிய வெரைட்டி ஹால் தியேட்டரின் பெயர் இன்றும் அங்கே ஒரு சாலைக்கு இருக்கிறது.

காது வந்து கட்டிப்போட்டது

படம் கொஞ்சம் வேகமாக ஓடினால் கண் பொறுத்துக்கொள்ளும். ஐந்து சதவீதம் கூடியது பலருக்குத் தெரியவே தெரியாது. காது அப்படி விடாது. பதிவான வேகத்தைவிட ஒன்றரை மடங்கு வேகத்தில் ஒலியை ஓட்டினால் பாடகர் பாடிய ஷட்ஜம் பஞ்சமமாகக் கேட்கும். அது போகட்டும், வேகம் நடுவில் லேசாக ஏறி இறங்கினாலே பாட்டு அழுவது போல் ஆகிவிடும். படத்தோடு ஒலி வர வேண்டுமென்றால், எடுக்கும் இடத்திலும் காட்டும் இடத்திலும் ஒரே வேகம், உலகம் முழுக்க, மாறாமல் இருந்தாக வேண்டும்.

1920களின் நடுவில் வார்னர் பிரதர்ஸ் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் பொறியாளர்களோடு சேர்ந்து வைட்டாஃபோன் என்ற முறையைக் கொண்டுவந்தது. ஒலி பிலிமில் இல்லை, 16 அங்குல இசைத்தட்டில். புரொஜெக்டரும் தட்டும் ஒரே மோட்டாரில் இணைந்து சுற்றும். தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று. வழக்கத்துக்கு மாறாக ஊசி உள்ளேயிருந்து வெளியே நகரும். தட்டில் ஊசி வைக்கும் இடத்துக்கு அம்புக்குறி, பிலிமில் தொடக்க ஃபிரேமுக்கு ஒரு அடையாளம். ஆப்பரேட்டர் இரண்டையும் பொருத்திவிட்டு மோட்டாரைப் போட வேண்டும். நடுவில் பிலிம் அறுந்து நான்கு ஃபிரேம் வீணானால், அதே அளவு கறுப்பு பிலிமை அங்கே ஒட்டியாக வேண்டும். ஒட்டாவிட்டால் அதற்குப் பிறகு வாய் அசைவது ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்.

வேகம் என்னவென்று முடிவுசெய்ய வேண்டிய பொறியாளர் ஸ்டான்லி வாட்கின்ஸ். முறைப்படி பார்த்தால் ஆறு மாதம் ஆய்வு செய்திருக்க வேண்டும், நாங்கள் செய்ததெல்லாம் வார்னரின் தலைமை ஆப்பரேட்டரைக் கூப்பிட்டுக் கேட்டதுதான் என்று அவரே பிற்காலத்தில் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருக்கிறார். நல்ல தியேட்டர்களில் நிமிடத்துக்கு 80, 90 அடி பிலிம் ஓடும், சின்னத் தியேட்டர்களில் 100ஐத் தாண்டும் என்றார் ஆப்பரேட்டர். சரி, 90 என்று வைத்துக்கொள்வோம் என்று முடிந்தது. 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். 90 அடிக்கு 1,440. அதை 60ஆல் வகுத்தால் 24. அவ்வளவுதான் சங்கதி.

1927 அக்டோபரில் வெளியான ‘தி ஜாஸ் சிங்கர்’ இந்த முறையில் ஓடி வெற்றி பெற்றதும் மற்ற கம்பெனிகளும் ஒலிக்குத் தாவின. சில வருஷங்களில் இசைத்தட்டு ஒழிந்து, ஒலி பிலிமின் ஓரத்திலேயே மெல்லிய வெளிச்சக் கோடாக அச்சானது. ஆனால் 24 தங்கிவிட்டது. 1931 மார்ச்சில் பம்பாயில் ‘ஆலம் ஆரா’, அதே வருஷம் அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் ‘காளிதாஸ்’ என்று பேசும்படம் இங்கே வந்தபோது இதுதான் உலக வேகம். இங்கே யாரும் இன்னொரு முறை கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை.

ஒலி பிலிம் ஓரத்துக்கு வந்தபோது ஒரு அழகான சிக்கல் முளைத்தது. லென்ஸுக்கு முன்னால் பிலிம் நின்று நின்று நகர வேண்டும். ஒலிக்கு அது ஆகாது, ஒரே சீராக ஓட வேண்டும். ஒரே பிலிம் ஒரே இடத்தில் இரண்டையும் எப்படிச் செய்யும்? எனவே லென்ஸைத் தாண்டிக் கீழே, பிலிம் சீராக ஓடும் இடத்தில் ஒலி படிக்கும் பகுதியை வைத்தார்கள். ஒரு ஃபிரேமுக்கான ஒலி, பிலிமில் சுமார் 20 ஃபிரேம் முன்னதாகவே அச்சாகியிருக்கும். பழைய டூரிங் டாக்கீஸில் அறுந்து ஒட்டிய பிரதியைப் பார்த்தவர்களுக்கு இதன் விளைவு ஞாபகம் இருக்கலாம். ஒட்டு வரும்போது முதலில் படம் துள்ளும், முக்கால் நொடிக்கு மேல் கழித்துத்தான் பாட்டு துள்ளும்.

அடிக்கணக்கில் சினிமா

இவ்வளவு வேகம்தான் என்று ஆனபிறகு நேரத்தையும் நீளத்தையும் ஒன்றாகப் பேச முடிந்தது. 1,000 அடி ரீல் என்றால் 11 நிமிடம். அதனால்தான் பழைய ஆட்கள் படத்தை அடியில் சொல்வார்கள். சென்சார் சான்றிதழிலும் ரீல் எண்ணிக்கையோடு நீளத்தைப் போட்டார்கள். 1930களில் 18,000, 20,000 அடிக்குத் தமிழ்ப்படம் எடுத்தார்கள். 20,000 அடி என்றால் மூன்றே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, அதில் பெரும்பகுதி பாட்டு. இரண்டாம் உலகப் போரில் கச்சா பிலிம் தட்டுப்பாடு வந்தபோது பிரிட்டிஷ் இந்திய அரசு முழுநீளப் படத்துக்கு 11,000 அடி என்று வரம்பு கட்டியது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம். பாடல்களின் எண்ணிக்கை குறைந்ததற்கு ரசனை மாற்றம் மட்டும் காரணமில்லை.

இன்னும் வேகமாக எடுத்தால் நன்றாக இருக்குமே என்று ஏன் யாரும் அப்போது 48க்குப் போகவில்லை என்பதற்கும் இதுவே பதில். இரண்டு மணி நேரப் படத்துக்கு 24இல் 10,800 அடி, அதாவது 3.3 கிலோமீட்டர் பிலிம். 48 என்றால் 6.6 கிலோமீட்டர். நெகட்டிவ், பிரதிகள், லேப் செலவு எல்லாம் இரட்டிப்பு. தயாரிப்பாளர் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

காட்டும் வேகம் 24 என்று நிலையாக நின்றதால், எடுக்கும் வேகத்தை மாற்றி விளையாட முடிந்தது. 48இல் எடுத்து 24இல் காட்டினால் ஒரு நொடி இரண்டு நொடியாக நீளும். நாயகன் கதவை உதைத்துக்கொண்டு வரும் ஸ்லோமோஷன் அதுதான். 22இல் எடுத்து 24இல் காட்டினால் குத்து கொஞ்சம் வேகமாக விழும். ஸ்டண்ட் காட்சிகளில் இது பழைய உத்தி, பார்ப்பவருக்குத் தெரியாது.

24ஐ அசைத்துப் பார்த்தவர்கள்

டிவி முதலில் அசைத்தது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில், இந்தியா உட்பட, டிவி நொடிக்கு 25 ஃபிரேம் என்று அமைந்தது. சினிமாவை அதில் காட்டப் பெரும்பாலும் கையாண்ட வழி, 24ஐ அப்படியே 25ஆக ஓட்டிவிடுவது. 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும், பாட்டின் சுருதி அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறும்.

டிஜிட்டல் வந்த பிறகு பிலிம் செலவு என்ற தடை போய்விட்டது. 2012இல் பீட்டர் ஜாக்சன் ‘தி ஹாபிட்’ முதல் பாகத்தை 48இல் வெளியிட்டார். 2016இல் ஆங் லீ 120 வரை போனார். படம் கத்தி போலத் தெளிவாக இருந்தது. ஆனால் பலர் முகம் சுளித்தார்கள். செட்டு செட்டாகத் தெரிகிறது, ஒப்பனை ஒப்பனையாகத் தெரிகிறது, டிவி சீரியல் மாதிரி இருக்கிறது என்றார்கள்.

காரணம் இது. 24இல் எடுக்கும்போது வழக்கமாக ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஷட்டர் 1/48 நொடி திறந்திருக்கும். அந்த நேரத்துக்குள் கை அசைந்தால் படத்தில் லேசான இழுப்பு விழும். அந்த இழுப்பையும் ஃபிரேம்களுக்கு நடுவில் விடுபட்டதையும் சேர்த்துத்தான் நாம் தொண்ணூறு வருஷமாக ‘சினிமா’ என்று பார்த்துப் பழகியிருக்கிறோம். 60இல் கிடைப்பது நேரடி ஒளிபரப்பின் தோற்றம். என்னைக் கேட்டால், இது பழக்கம் மட்டுமே, 24இல் தனிப் புனிதம் ஒன்றுமில்லை. 60இல் படம் பார்த்தே வளரும் பிள்ளைகளுக்கு நாளை வேறு மாதிரித் தோன்றலாம். ஆனாலும் இன்றுவரை தியேட்டர் படங்கள் பெரும்பாலும் 24தான்.

வீட்டில் புது டிவி வாங்கியவர்கள் இதைச் சோதித்துப் பார்க்கலாம். சினிமா ஓடும்போது ஏதோ செயற்கையாக, வழுக்கிக்கொண்டு போவதுபோல் இருந்தால், ஃபிரேம்களுக்கு நடுவே இல்லாத ஃபிரேம்களை டிவி தானே உருவாக்கிச் சேர்க்கிறது என்று அர்த்தம். சாம்சங்கில் இதற்கு ‘ஆட்டோ மோஷன் பிளஸ்’ (புது மாடல்களில் ‘பிக்சர் கிளாரிட்டி’), எல்ஜியில் ‘ட்ரூமோஷன்’, சோனியில் ‘மோஷன்ஃப்ளோ’ என்று பெயர். பிக்சர் செட்டிங்கில் போய் அணைத்துவிடுங்கள். கிரிக்கெட் பார்க்கும்போது வேண்டுமானால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம், பந்து தெளிவாகத் தெரியும்.